கிளைமேட் சேஞ்ச்ல சந்தேகம் கேட்டாலே எதிரியா? எது சயின்ஸ், எது அரசியல்னு யாராச்சும் பிரிச்சு சொல்லுங்க

அரைவேக்காடு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க.

எங்க பழைய காலேஜ் வாட்ஸப் குரூப்புல போன வாரம் பெரிய சண்டை. சீனியர் அண்ணன் ஒருத்தர், மெக்கானிக்கல், நிறைய படிக்கிற ஆளு, சும்மா ஃபார்வர்ட் தட்டி விடுற ரகம் இல்ல. அவரு வரிசையா போட்டதெல்லாம் இது: காலநிலை எப்பவுமே மாறிக்கிட்டுதான் இருக்கு, ஐஸ் ஏஜ் வந்துச்சு போச்சு, அப்ப யாரு கார் ஓட்டுனா? 70கள்ல பூமி குளிரப் போகுதுன்னு சொன்னவங்கதானே இப்ப சுடப் போகுதுங்கறாங்க? காத்துல கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04 சதவீதம், அது எப்படி பூமியவே சூடாக்கும்? பழைய ஐஸ தோண்டிப் பாத்தா முதல்ல வெப்பம் ஏறுது, அப்புறம்தான் கார்பன் ஏறுது, அப்ப எது காரணம் எது விளைவு? 2009ல காலநிலை விஞ்ஞானிங்க மெயில் லீக் ஆகி மானம் போச்சே? கடைசியா, இதெல்லாம் வரி போடவும் வளர்ற நாடுங்கள அமுக்கவும் பண்ற வேலைன்னு முடிச்சாரு.

நான் பெரிய அறிவாளி மாதிரி "97 சதவீத விஞ்ஞானிங்க ஒத்துக்கிட்டாச்சு"ன்னு போட்டேன். "தம்பி, அந்த 97 எப்படி வந்துச்சுன்னு தெரியுமா?"ன்னு கேட்டாரு. தெரியல. வாய மூடிட்டேன். அதுக்குள்ள இன்னொருத்தன் அவர 'டினையர்' (சயின்ஸ மறுக்கறவன்), 'எண்ணெய் கம்பெனி கைக்கூலி'ன்னு எல்லாம் திட்டி, அவரு குரூப்ப விட்டே போயிட்டாரு. எனக்கு அதுதான் உறுத்துது, ஏன்னா அவரு கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லல, திட்டு மட்டும்தான் விழுந்துச்சு.

அதனால இங்க கேக்கறேன். ஒண்ணு, அவரு கேட்டதுக்கெல்லாம் ஒழுங்கான பதில் இருக்கா? ரெண்டு, கார்பன் வரிய (நிலக்கரி, பெட்ரோல் எரிச்சு விடற கார்பனுக்கு போடற வரி) எதிர்க்கறவன் எல்லாம் சயின்ஸ மறுக்கறவனா? எனக்கே கூட அந்த வரி மேல எல்லாம் பெரிய நம்பிக்கை இல்ல. ஆனா பூமி சூடாகலன்னு சொல்லவும் வாய் வரல.

---

கரித்துண்டு

நான் இந்த ஃபீல்டுக்கு பக்கத்து ஃபீல்டு, அதனால முழு எக்ஸ்பர்ட்னு நினைச்சுடாதீங்க. ஆனா அந்த அண்ணன் கேட்டது எல்லாமே பதில் இருக்கற கேள்விதான், அவர திட்டுனது தப்பு.

0.04ல ஆரம்பிக்கறேன். காத்துல 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும், கரெக்ட். ஆனா தரையில இருந்து மேல போற வெப்பக் கதிர அது ரெண்டும் தடுக்கறதே இல்ல, சல்லடையில தண்ணி ஊத்துன மாதிரி விட்டுடும். தடுக்கறதெல்லாம் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன்னு கொஞ்சூண்டு இருக்கற வாயுங்கதான். அதனால மொத்த காத்துல எத்தனை சதவீதம்ங்கற கேள்வியே இங்க உதவாது, தடுக்கற வாயு எவ்வளவு கூடியிருக்குன்னு கேக்கணும். தொழிற்புரட்சிக்கு முன்னாடி சுமார் 280 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 280 பங்கு), இப்ப 420ஐ தாண்டிடுச்சு. பாதிக்குப் பாதி ஏறியிருக்கு.

இது நேத்து கண்டுபிடிச்ச சமாச்சாரமும் இல்ல. 1856ல யூனிஸ் ஃபுட்னு ஒரு அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்ல வாயுங்கள அடைச்சு வெயில்ல வச்சுப் பாத்து, கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய் அதிகம் சூடாகுதுன்னு எழுதினாங்க. 1859ல ஜான் டிண்டால் வெப்பக் கதிர எந்தெந்த வாயு எவ்வளவு உறிஞ்சுதுன்னு அளந்தாரு. 1896ல ஸ்வீடன்காரர் அரீனியஸ், காத்துல கார்பன் ரெட்டிப்பானா பூமி எத்தனை டிகிரி ஏறும்னு பேப்பர் பென்சில்லயே கணக்குப் போட்டாரு. அப்ப ஐநாவும் இல்ல, கார்பன் வரியும் இல்ல, வலது இடது சண்டையும் இல்ல. வரி போடறதுக்காக கட்டின கதைன்னா 1856லயே ஆரம்பிச்சிருக்கணும், ரொம்ப தொலைநோக்கான சதி!

சரி, ஏறுன கார்பன் நம்மளோடதுதான்னு எப்படி சொல்றாங்க? எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இது, கொஞ்சம் நின்னு சொல்றேன். நிலக்கரி, பெட்ரோலியம் எல்லாம் கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தது. கார்பன் 14ங்கற கதிரியக்க வகை ஒரு 5,730 வருஷத்துல பாதியா குறைஞ்சுடும், அதனால அவ்வளவு பழைய கரியில அது சுத்தமா இருக்காது. அந்தக் கரிய எரிச்சு காத்துல விட்டா காத்துல கார்பன் 14ஓட பங்கு குறையணும். குறைஞ்சுது, அணுகுண்டு சோதனைக்கு முன்னாடி வளர்ந்த மர வளையத்துலயே அது தெரியுதுன்னு 1950கள்ல அளந்து கண்டுபிடிச்சாங்க. செடிங்க எடை கொஞ்சம் கூடின கார்பன் 13ஐ விட கார்பன் 12ஐத்தான் விரும்பி எடுத்துக்கும், அதனால பழைய செடியில இருந்து வந்த நிலக்கரியிலயும் 13 கம்மி. அதே மாதிரி காத்துலயும் 13ஓட பங்கு குறைஞ்சுக்கிட்டே வருது. எரிக்க ஆக்சிஜன் வேணும்ல, காத்துல ஆக்சிஜனும் அதுக்கேத்த அளவு குறையுது (பயப்படாதீங்க, மூச்சு விட தாராளமா இருக்கு). இன்னும் சிம்பிளா வேணும்னா கணக்கு நோட்டு: வருஷத்துக்கு நாம எரிச்சு விடறது சுமார் 3,700 கோடி டன், காத்துல கூடறது அதுல ஏறக்குறைய பாதி. மீதிய கடலும் காடும் உறிஞ்சிக்குது. அதாவது இயற்கை இப்ப வரவு வைக்குதே ஒழிய செலவு பண்ணல. எரிமலைதான் காரணம்னு சிலர் சொல்வாங்க, எரிமலைங்க விடறது நாம விடறதுல ஒரு சதவீதம் கூட வராது.

சூரியன் காரணமா இருந்தா? சூரியன் சூடு ஏத்தியிருந்தா வளிமண்டலம் கீழ மேல ரெண்டும் சூடாகணும். நடக்கறது என்னன்னா, கீழ சூடாகுது, மேல ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்ங்கற அடுக்கு குளிருது. கார்பன் ஏறுனா இப்படித்தான் ஆகும்னு 1967லயே மனாபேவும் வெதரால்டும் கணக்குப் போட்டு எழுதிட்டாங்க. மனாபேக்கு 2021ல இயற்பியல் நோபல் கிடைச்சதுல இந்த வேலைக்கும் பங்கு இருக்கு. 1978ல இருந்து சாட்டிலைட் வச்சு சூரிய ஒளிய அளக்கறாங்க, அது ஏறுமுகமா இல்லவே இல்ல.

ஐஸ் ஏஜ் விஷயத்துல அண்ணன் பாதி சரி. பூமி சுத்தற பாதையில பல்லாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை வர்ற சின்ன மாறுதல்தான் அப்ப ஆரம்பிச்சு வச்சது. லேசா சூடாச்சு, கடல் தன்கிட்ட இருந்த கார்பன வெளிய விட்டுச்சு, அது இன்னும் சூடாக்குச்சு. கடனும் வட்டியும் மாதிரி, கடன் இருந்தா வட்டி ஏறும், கட்டாத வட்டி கடன்ல சேரும். அப்ப முதல்ல அசைஞ்சது வெப்பம், இப்ப முதல்ல அசையறது கார்பன். அண்டார்டிகா ஐஸ்ல 8 லட்சம் வருஷக் கணக்கு இருக்கு, அதுல ஒரு இடத்துலயும் கார்பன் 300 பிபிஎம்ம தாண்டவே இல்ல.

70கள் குளிர் கதை: 1975ல ஒரு அமெரிக்க வார இதழ்ல வந்துச்சு, உண்மைதான். ஆனா 1965ல இருந்து 1979 வரைக்கும் வந்த ஆய்வுக் கட்டுரைங்கள பின்னாடி எண்ணிப் பாத்திருக்காங்க, குளிரும்னு சொன்னது 7, சூடாகும்னு சொன்னது 44. பத்திரிகை தலைப்ப பாத்துட்டு விஞ்ஞானிங்க மேல பழி போட்டா எப்படி.

97க்கு வரேன். 2013ல ஜான் குக்ங்கற ஆய்வாளரோட குழு காலநிலை பத்தின 11,944 ஆய்வுச் சுருக்கங்கள படிச்சாங்க. அதுல மூணுல ரெண்டு பங்கு, மனுஷன் காரணமா இல்லையான்னு எதுவுமே பேசல. பேசுன மீதியில 97 சதவீதம் மனுஷன் காரணம்ங்கற பக்கம். அதனால "எல்லா விஞ்ஞானிங்கள்லயும் 97"னு நீங்க சொன்னது சரியான வாசகம் இல்ல, அண்ணன் மடக்குனது நியாயம். என்னைக் கேட்டா இந்த தலைய எண்ற வாதத்தையே விட்டுடுங்க. கார்பன் 14 தலை எண்ணி குறையல.

---

எதிர்க்கட்சி வரிசை

மேல உள்ளவர் நல்லா எழுதியிருக்காரு, பிசிக்ஸ்ல எனக்கு சண்டை இல்ல. ஆனா நான் அந்த அண்ணன் பக்கம்தான் உக்காருவேன், ஏன்னு சொல்றேன்.

கார்பன் சூடாக்கும், ஓகே. எவ்வளவு சூடாக்கும்? அதுதானே கேள்வி. கார்பன் ரெட்டிப்பானா 1.5ல இருந்து 4.5 டிகிரி வரைக்கும்னு 1979ல அமெரிக்க விஞ்ஞானிங்களோட சார்னி அறிக்கை சொல்லுச்சு. 2013ல ஐபிசிசி (ஐநாவோட காலநிலை அறிவியல் குழு) சொன்னதும் அதே 1.5ல இருந்து 4.5. முப்பத்தி நாலு வருஷம், எவ்வளவோ சூப்பர் கம்ப்யூட்டர், ரேஞ்ச் திரும்ப அதே இடத்துலதான் வந்து நின்னுச்சு. 1.5ன்னா சமாளிச்சுக்கலாம், 4.5ன்னா கதை கந்தல். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியிலதான் மொத்த பாலிசி சண்டையும் நடக்குது, அத கேட்டா "சயின்ஸ் முடிஞ்சு போச்சு"ங்கறீங்க.

அடுத்தது பயமுறுத்தல். 2007 ஐபிசிசி ரிப்போர்ட்ல இமயமலை பனிப்பாறைங்க 2035க்குள்ள காணாம போயிடும்னு எழுதுனாங்க, 2010ல தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. 2009ல முன்னாள் அமெரிக்க துணை அதிபர் அல் கோர், அஞ்சு ஏழு வருஷத்துல ஆர்க்டிக் கோடையில ஐஸே இல்லாம போக 75 சதவீதம் வாய்ப்புன்னு மேடையில சொன்னாரு. 2016 வந்துச்சு, போச்சு, ஐஸ் இன்னும் இருக்கு. அப்புறம் ஆர்சிபி 8.5ன்னு ஒண்ணு, நிலக்கரிய இப்ப எரிக்கறத விட பல மடங்கு எரிச்சா என்ன ஆகும்ங்கற கற்பனை, அத எடுத்து "இப்படியே போனா இதுதான் கதி"ன்னு வருஷக்கணக்கா தலைப்பு போட்டாங்க. அது தப்பான பயன்பாடுன்னு 2020ல கிளைமேட் ஆட்களே எழுதுனதுக்கு அப்புறம்தான் கொஞ்சம் அடங்குச்சு.

உலக வானிலை அமைப்போட சொந்த அறிக்கை சொல்லுது, 50 வருஷத்துல வானிலை பேரிடர் எண்ணிக்கை அஞ்சு மடங்கு ஆச்சு, ஆனா சாவு ஏறக்குறைய மூணுல ஒரு பங்கா குறைஞ்சுது. முன்னெச்சரிக்கை, நல்ல வீடு, ரோடு, கரண்ட் வந்ததால. அதாவது வளர்ச்சிதான் காப்பாத்துச்சு. அந்த வளர்ச்சிய நிறுத்துன்னு சொன்னா நான் ஏன் கேக்கணும்?

கடைசியா ஒண்ணு. உண்மையிலேயே தலைக்கு மேல வெள்ளம்னு நம்புற ஆளு ஓடிட்டு இருக்கற அணு உலைய மூடுவானா? ஜெர்மனி 2023 ஏப்ரல்ல கடைசி மூணையும் மூடுச்சு, அந்த நாள்ல பழுப்பு நிலக்கரி ஜாம் ஜாம்னு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அவங்களே சீரியஸா எடுத்துக்காதத என்ன எடுத்துக்கச் சொன்னா சிரிப்பு வருமா வராதா.

---

சும்மா வந்தேன்

பாப்கார்ன் எடுத்து வச்சுட்டேன், நடத்துங்க.

---

தெர்மாமீட்டர்

எதிர்க்கட்சி, உங்க அணு உலை பாயிண்ட் மேல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல, அந்த முடிவு எனக்கும் வயித்தெரிச்சல். ஆனா மத்ததுல சிலத மட்டும் எடுத்துக்கறேன்.

1.5 - 4.5 ரேஞ்ச்: 2013ல நிறுத்திட்டீங்க. 2021 ஐபிசிசி ரிப்போர்ட்ல அது 2.5ல இருந்து 4ன்னு சுருங்கிடுச்சு, நடு மதிப்பு 3. நீங்க நம்பியிருந்த 1.5 வெளிய போயிடுச்சு, 4.5உம் போயிடுச்சு. இன்னொண்ணு, நிச்சயமில்லாதது ரெண்டு பக்கமும் வெட்டும். எவ்வளவு மோசம்னு தெரியாதப்ப "அப்ப விடு"ன்னு ஏன் முடிவுக்கு வர்றீங்க, எனக்கு இது புரியவே மாட்டேங்குது. பிரேக் பிடிக்குமா பிடிக்காதான்னு தெரியாத வண்டிய மெதுவாத்தானே ஓட்டுவோம்?

காலநிலைய கணிக்கற புது கம்ப்யூட்டர் மாடல்கள்ல சிலது அளவுக்கு மீறி சூடு காட்டுதுன்னு கண்டுபிடிச்சது யாரு? அதே விஞ்ஞானிங்க. அதனால 2021 ரிப்போர்ட்ல எல்லா மாடலையும் அப்படியே சராசரி எடுக்கல, பழைய அளவீடுங்களோட ஒத்துப் போற மாதிரி திருத்தி எடுத்தாங்க. 2035 தப்ப அம்பலமாக்குனதுலயும் பனிப்பாறை ஆய்வாளர்கள்தான் முன்னாடி நின்னாங்க.

கணிப்பெல்லாம் பொய்யாச்சுங்கறத நானும் ஒரு காலத்துல நம்புனேன். 1970ல இருந்து 2007 வரைக்கும் வெளியான 17 மாடல் கணிப்புகள எடுத்து நடந்ததோட ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. 10 ஒத்துப் போச்சு. கார்பன் எவ்வளவு விடுவோம்ங்கற யூகத்த சரி பண்ணிட்டுப் பாத்தா 14. அல் கோர் கதைக்கு பதில் சொல்ல எனக்கு எந்த அவசியமும் இல்ல, அவரு அரசியல்வாதி, பனி ஆய்வாளர் இல்ல, ஒரே ஒருத்தரோட அதீத கணிப்ப எடுத்துக்கிட்டு மேடையில பேசுனாரு. ஆனா 2012 செப்டம்பர்ல ஆர்க்டிக் ஐஸ் 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு சுருங்குச்சுங்கறதையும் சேத்து சொல்லணும்ல.

எனக்கு மனசு மாறுனது சாட்டிலைட் கதையிலதான். 90கள்ல ஸ்பென்சர், கிறிஸ்டின்னு ரெண்டு பேரு அலபாமால சாட்டிலைட் வச்சு வளிமண்டல வெப்பத்த அளந்து "பெருசா ஏறவே இல்லையே"ன்னாங்க. ரெண்டு பேரும் நல்ல விஞ்ஞானிங்க, சந்தேகக்காரங்களும் கூட. நானும் அதத்தான் தூக்கிட்டு அலைஞ்சேன். அப்புறம் 1998ல வேற குழு பாத்து, சாட்டிலைட் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்குதே, அத கணக்குல எடுக்கலியேன்னாங்க. 2005ல இன்னொண்ணு, சாட்டிலைட் ஒரே இடத்துக்கு மேல வர்ற நேரம் நகர்ந்துக்கிட்டே போகுது, அதுக்கு போட்ட திருத்தம் தலைகீழா இருக்குன்னு காட்டுனாங்க. ஸ்பென்சரும் கிறிஸ்டியும் திருத்திக்கிட்டாங்க. இன்னைக்கு அவங்க கணக்கே பத்து வருஷத்துக்கு சுமார் 0.15 டிகிரி ஏத்தம் காட்டுது. சந்தேகம்னா இப்படி இருக்கணும்னு தோணுச்சு, கேட்டாங்க, அளந்தாங்க, தப்புன்னா மாத்திக்கிட்டாங்க.

ரிச்சர்ட் முல்லர்னு பெர்க்லி இயற்பியலாளர் இன்னொருத்தர். தரை வெப்பமானி டேட்டா மேல நம்பிக்கை இல்லன்னு தானே ஒரு குழு சேத்து முதல்ல இருந்து கணக்குப் போட்டாரு, எண்ணெய் தொழிலதிபர் சார்ல்ஸ் கோக்கோட அறக்கட்டளை பணமும் அதுல இருந்துச்சு. 2012ல "நான் மாறிட்டேன், காரணம் ஏறக்குறைய முழுக்க மனுஷன்தான்"னு வெளிப்படையா எழுதுனாரு. அவரு போட்ட வெப்பக் கோடு, மத்தவங்க ஏற்கனவே போட்டிருந்த கோட்டு மேலயே போய் விழுந்துச்சு.

மெயில் விஷயம் யாரும் தொடல, நானே சொல்லிடறேன். லீக் ஆன மெயில்ல "ஹைட் தி டிக்ளைன்" (சரிவ மறை)னு வந்துச்சே, அது வெப்பம் குறைஞ்சத மறைக்கறது இல்ல. மர வளையத்த வச்சு பழைய வெப்பத்த கணிக்கறப்ப 1960க்கு அப்புறம் சில மரங்க தெர்மாமீட்டரோட ஒத்துப் போகாம கீழ போச்சு, அந்தப் பகுதிய ஒரு படத்துல எடுத்துட்டாங்க. விசாரணை மேல விசாரணை நடந்துச்சு, மோசடி இல்லன்னுதான் வந்துச்சு. ஆனா படத்துல அத சொல்லாம விட்டது ஆள தவறா நினைக்க வைக்கும்னும், டேட்டா கேட்டவங்கள்ட்ட திறந்த மனசா நடந்துக்கலன்னும் அதே விசாரணை குட்டுச்சு. குட்டு வாங்கணும்தான்.

---

பழைய பேப்பர்

ரெண்டாவது கேள்விக்கு யாரும் வரல, நான் வரேன். அரைவேக்காடு, கார்பன் வரி பிடிக்கலன்னா நீங்க சயின்ஸுக்கு எதிரி இல்ல. ஆனா இந்த ரெண்டும் எப்படி ஒட்டிக்கிச்சுன்னு பாத்தா சுவாரசியமா இருக்கும்.

ஆரம்பத்துல இது கட்சி சண்டையே இல்ல. 1989ல ஐநால போய் கிளைமேட் பத்தி எச்சரிச்சவங்க பிரிட்டன் பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சர், வலதுசாரிகளோட தெய்வம், கெமிஸ்ட்ரி படிச்சவங்க. 1992ல ஐநா காலநிலை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது அப்ப அமெரிக்க அதிபரா இருந்த அப்பா புஷ். அப்புறம்தான் உடைஞ்சுது, ஏன்னா அதுவரைக்கும் வெறும் அக்கறை, 1997ல கார்பன குறைக்கறதுக்கான கியோட்டோ ஒப்பந்தம் வந்ததும் யாரு எவ்வளவு குறைக்கணும், யாரு காசு கட்டணும்ங்கற கணக்கு வந்துடுச்சு. வளரும் நாடுங்களுக்கு கட்டாயம் இல்லாத, அமெரிக்க பொருளாதாரத்த அடிக்கற ஒப்பந்தம் வேணாம்னு அமெரிக்க செனட் கியோட்டோக்கு முன்னாடியே 95க்கு 0ன்னு ஓட்டுப் போட்டுச்சு. பூஜ்யம்! ரெண்டு கட்சியும் சேந்துதான். அந்த தீர்மானத்துல பூமி சூடாகலன்னு ஒரு வரி கூட கிடையாது, பணமும் நியாயமும்தான் பேச்சு.

நேர்மையா அப்படியே பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா "இந்த தீர்வு எனக்கு பிடிக்கல"ன்னு சொல்றத விட "பிரச்சனையே இல்ல"ன்னு சொல்றது ஈஸி. எக்ஸான் எண்ணெய் கம்பெனி ஆட்கள் 70கள் கடைசியில இருந்தே உள்ளுக்குள்ள நல்லாவே கணிச்சு வச்சிருந்தாங்க, 2023ல வந்த ஆய்வு அந்த பழைய கணிப்புகள்ல பெரும்பகுதி சரியா அமைஞ்சதுன்னு காட்டுச்சு, வெளிய மட்டும் "இன்னும் உறுதியா தெரியல"ன்னே பேசிட்டு இருந்தாங்க. 2002ல ஃபிராங்க் லன்ட்ஸ்ங்கற ஆலோசகர் அமெரிக்க குடியரசுக் கட்சிக்கு எழுதுன குறிப்பு இருக்கு, விஞ்ஞானத்துல நிச்சயமில்லங்கறதையே முன்னாடி வைங்க, 'குளோபல் வார்மிங்'க விட 'கிளைமேட் சேஞ்ச்' கம்மியா பயமுறுத்தும்னு. அதனால பேர மாத்துனது பச்சைக் கட்சிக்காரங்க (சுற்றுச்சூழல் ஆதரவாளர்கள்) தந்திரம்னு யாராச்சும் சொன்னா சிரிச்சுக்கங்க (அந்த ரெண்டு பெயருமே அதுக்கு முன்னாடி புழக்கத்துல இருந்ததுதான், ஐபிசிசில இருக்கற கடைசி ரெண்டு சி 1988லயே கிளைமேட் சேஞ்சுக்குதான்). அதே லன்ட்ஸ் 2019ல நான் தப்பு பண்ணிட்டேன்னு சொன்னாரு, அதுக்குள்ள விதை மரமாயிடுச்சு.

இப்ப மறுபக்கம். பச்சை ஆதரவாளர்கள் பண்ற தப்பு, பாலிசி கேள்விக்கு சயின்ஸ் பதில் சொல்றது. "எந்த வரி, எவ்வளவு, யாரு மேல"ன்னு கேட்டா "சயின்ஸ நம்பலியா"ன்னு திருப்பிக் கேக்கறது. சயின்ஸ் இவ்வளவு கார்பன் விட்டா இவ்வளவு சூடுன்னு சொல்லும், அத்தோட சரி. டீசல் வரி போடு, அணு உலைய மூடு, மூடாதன்னு எல்லாம் சொல்லாது. 2018ல பிரான்ஸ்ல என்ன ஆச்சு? பணக்காரங்க சொத்து வரிய பெரும்பாலும் எடுத்துட்டு, அதே நேரத்துல பெட்ரோல் டீசல் வரிய ஏத்துனாங்க. காரு இல்லாம வேலைக்குப் போக முடியாத ஊர்க்காரன் மஞ்சள் சட்டைய மாட்டிக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டான், அடுத்த உயர்வ வாபஸ் வாங்குனாங்க. அவனெல்லாம் டிண்டால எதிர்த்தா போராடுனான்? ஆஸ்திரேலியால 2012 ஜூலைல கார்பன் விலை வந்துச்சு, 2014 ஜூலைல தூக்கிட்டாங்க, அதுவே எலெக்ஷன் விஷயமாச்சு. கனடால மக்களுக்கு பணத்த திருப்பிக் கொடுத்தும் 2025 ஏப்ரல்ல நுகர்வோர் கார்பன் கட்டணத்த எடுத்துட்டாங்க. ஸ்வீடன்லயோ 1991ல இருந்து நிக்குது, அங்க அத போட்டப்ப வருமான வரிய குறைச்சாங்க, அதோட கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனாங்க. இதெல்லாம் பேசலாமே, இதுதான் உண்மையான விவாதம். அமெரிக்கா பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்துல 2020ல வெளிய, 2021ல உள்ள, 2025ல மறுபடி வெளிய போற உத்தரவுன்னு கதவு ஆடிக்கிட்டே இருக்கு, அந்த கதவு ஆடறதுக்கும் வளிமண்டலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

---

எதிர்க்கட்சி வரிசை

2.5 - 4 பாயிண்ட் எடுத்துக்கறேன், எனக்கு அப்டேட் இல்ல. பழைய பேப்பர் சொன்னத அச்சடிச்சு என் பச்சை நண்பர்களுக்கு கொடுக்கணும். ஆனா ஐபிசிசி அறிக்கையோட சுருக்கத்த அரசாங்க பிரதிநிதிங்க உக்காந்து வரி வரியா ஒப்புதல் கொடுக்கறாங்கல்ல, அப்புறம் அது எப்படி சயின்ஸ்?

---

கரித்துண்டு

கொடுக்கறாங்க, உண்மை. ஆனா 2021 ரிப்போர்ட்டுக்கு அந்த ரூம்ல சவுதி அரேபியாவும் உக்காந்திருந்துச்சு, அமெரிக்காவும் உக்காந்திருந்துச்சு, எல்லாரும் சரின்னாத்தான் வரி நிக்கும். அப்படி ஒரு கூட்டத்துல வாசகம் காரமாகுமா, சப்புன்னு ஆகுமா நீங்களே யோசிங்க. அடியில இருக்கற ஆயிரக்கணக்கான பக்கத்த விஞ்ஞானிங்க எழுதறாங்க, அதுல வரிக்கு வரி பேரம் கிடையாது.

---

கடைசி பெஞ்ச்

வளர்ற நாடுங்கள அமுக்கறாங்கங்கறத எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க. எனக்கு அதுதான் முக்கியம்.

1750ல இருந்து கூட்டிப் பாத்தா காத்துல விட்ட கார்பன்ல ஏறக்குறைய கால்வாசி அமெரிக்கா கணக்கு. இப்ப வருஷக் கணக்குல சீனா முதல் இடம், அதுவும் மறைக்கக்கூடாது. ஆனா ஆளுக்கு எவ்வளவுன்னு பிரிச்சா அமெரிக்கர் ஒருத்தருக்கு சுமார் 14 டன், இந்தியர் ஒருத்தருக்கு சுமார் 2 டன். ஏழை நாடுங்களுக்கு வருஷம் 10,000 கோடி டாலர் 2020க்குள்ளன்னு 2009ல கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுல பணக்கார நாடுங்க வாக்கு கொடுத்தாங்க, அவங்க கணக்குப்படியே அது 2022லதான் நிறைவேறுச்சு, அதுலயும் பெரும்பகுதி கடன். இப்ப ஐரோப்பா இறக்குமதியாகற இரும்பு, சிமெண்ட், அலுமினியத்துக்கு எல்லையில கார்பன் கட்டணம் போடுது. அவங்க தொழிற்சாலைக்கு உள்ளூர்ல கார்பன் விலை இருக்கு, வெளியில இருந்து வர்றதுக்கு இல்லன்னா நியாயமில்லங்கறாங்க, அதுலயும் தர்க்கம் இருக்கு. ஆனா வாங்கிக் கட்டிக்கிறது யாருன்னு பாருங்க.

அதனால அண்ணன் சொன்னதுல கடைசி வரி மட்டும் எனக்கு முழுசா பொய்யா தெரியல. ஆனா அதுக்காக பிசிக்ஸ பொய்யுன்னு சொன்னா நம்ம கேஸ நாமே கெடுத்துக்கறோம். பூமி சூடாகலன்னா நஷ்டஈடு எதுக்குக் கேக்கறது? நீ எரிச்ச, நான் வேகறேன், காச எடுங்கறதுக்கு முதல்ல அது வேகணும்ல.

---

சும்மா வந்தேன்

பாப்கார்ன் தீந்துடுச்சு. கடைசி லைன் சூப்பர்.

---

அரைவேக்காடு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. அண்ணனுக்கு தனியா மெசேஜ் பண்ணி, முதல்ல குரூப்புல நடந்ததுக்கு சாரி சொன்னேன், 97 மேட்டர்ல நீங்க சொன்னது சரிண்ணேன்னும் சொன்னேன். அதுல கொஞ்சம் இறங்கி வந்தாரு. கார்பன் 14 கதைய அனுப்பினேன், "இது எனக்கு தெரியாது, நல்லா இருக்கு"ன்னாரு. அடுத்த நிமிஷமே ஒரு கேள்வி: தெர்மாமீட்டர் எல்லாம் ஊருக்குள்ள இருக்கு, ஊரு கான்கிரீட்டாகி சூடாகுது, அத பூமி சூடாகுதுன்னு சொல்றாங்களாம். இதுக்கு?

---

தெர்மாமீட்டர்

ஊரு சூடாகறது நிஜம், அதுக்கு திருத்தம் போடறாங்க. முல்லர் குழு இத குறிப்பா சோதிச்சுப் பாத்துச்சு, ஊரு வெளிய இருக்கற ஸ்டேஷன மட்டும் எடுத்தாலும் ஏத்தம் அப்படியேதான் இருக்கு. ஆனா அதுக்குள்ள எல்லாம் போகாதீங்க, கடல கேளுங்கன்னு சொல்லுங்க. பூமி மேற்பரப்புல 71 சதவீதம் கடல், அங்க எந்த கான்கிரீட்டும் இல்ல. கூடுதலா சேர்ற வெப்பத்துல சுமார் 90 சதவீதம் கடலுக்குள்ளதான் போகுது. ஆர்கோன்னு ஏறக்குறைய 4,000 மிதவைங்க உலகம் பூரா மிதக்குது, 2,000 மீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கி, அளந்துக்கிட்டே மேல வந்து சாட்டிலைட்டுக்கு அனுப்பிட்டு மறுபடி இறங்கிடும். டேட்டா எல்லாருக்கும் இலவசம், மெக்கானிக்கல் ஆளுதானே, அவரே எடுத்து கணக்குப் போடட்டும்.

---

அரைவேக்காடு

அப்படியே காப்பி பண்ணி அனுப்பிட்டேன். ப்ளூ டிக் விழுந்துடுச்சு. டைப்பிங்னு காட்டுது, நிக்குது, மறுபடி காட்டுது.